த/க பெயர்

செக்கானூரணியில் காதுகுத்து.
மண்டப வாசலில் மேசை, லேப்டாப், கையகலப் பிரிண்டர்,
முதுகுக்குப் பின்னால் ஜெனரேட்டர்.
மொய் எழுதுவது என் வேலை.
சாஃப்ட்வேர் எழுதியவர் வில்லாபுரம் ரபீக்.
அதைத் திருத்தியவள் நான். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

முதலில் ரசீதின் உச்சியில் இருந்தது தொகை,
கொட்டை எழுத்தில்.
இருநூறு எழுதியவர்கள்
சீட்டை உள்ளங்கைக்குள் கசக்கிக்கொண்டு பந்திக்குப் போனார்கள்.
நாலு விசேஷம் பார்த்தேன்.
தொகையைக் கடைசி வரிக்கு இறக்கச் சொன்னேன்.
கிழித்தால் தானாக உள்ளே சுருளும் ஓரம் அது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
கசக்குவது நின்றது.

வாலாந்தூரில் மட்டும் ஏழு ராமர்.
ஒரு மாதம் சண்டை போட்டு
'அடையாளம்' என்று ஒரு கட்டம் வாங்கினேன்.
டிராக்டர் ராமர். கோழிப்பண்ணை ராமர்.
ஒருவர் தானே சொன்னார்:
"கடன்காரன்னு போடு தாயி, சட்டுனு தெரிஞ்சுரும்."
'சிரிப்பு' என்று அடித்தேன்.
இன்றும் 'சி' தட்டினால் அவர்தான் முதலில் வருவார்.

அன்றைக்குத்தான் ஒச்சம்மாள் வந்தது.
எழுமலை. ஷேர் ஆட்டோ.
சேலைக்கு மேல் போட்ட காக்கிச் சட்டையோடு
இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை மேசையில் வைத்தார்.
த/க பெயர் என்றேன்.
"என்னது?"
தகப்பனார், இல்ல கணவர்.
"அவன் பேரு வேணாம்."
தகப்பனார்?
"அவரு பேரும் வேணாம். ஓட்டுனவ பேரப் போடு."

கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம்.
காலியாக விட்டால் நகராது.
இடைவெளி தட்டினேன், மறுத்தது.
கோடு போட்டேன், மறுத்தது.
பின்னால் வரிசை இருமியது.
ஒரு புள்ளி வைத்தேன்.
பிரிண்டர் உடனே உறுமியது.

ஒச்சம்மாள் . எழுமலை

"இதென்ன எறும்பு?" என்றார்.
நான் பதில் தேடுவதற்குள்
வண்டியில் ஆள் காத்திருக்கிறது என்று
சாப்பிடாமல் போய்விட்டார்.

பிறகு புள்ளி என் விரலுக்குப் பழகிப்போனது.
த/க என்று கேட்டதும்
கண் மேசைக்கு இறங்கினால், புள்ளி.

ஆடியில் விசேஷம் கிடையாது.
சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்
தேடும் பெட்டியில் புள்ளியை மட்டும் தட்டினேன்.
நூற்றுப் பதினேழு பேர்.
தும்மக்குண்டு, கருமாத்தூர், பாப்பாபட்டி,
திருப்பூரிலிருந்து வந்து எழுதிவிட்டுப் போன ஒருத்தி.
புள்ளி வைத்தால் மெய்யெழுத்து என்று படித்தோம்.
இது மொய்யெழுத்து.
மொத்தத் தொகையையும் கூட்டிக் காட்டியது லேப்டாப்,
நான் கேட்காமலே.

ஆவணியில் புது சாஃப்ட்வேர்.
"இனிமே நீ தட்ட வேணாம்மா,
பேரச் சொன்னா மிச்சத்த அதுவே நிரப்பிக்கும்.
பழைய நோட்டு பூராத்தையும் படிக்க வச்சிருக்கேன்."
உண்மைதான்.
கோழிப்பண்ணை ராமரைக் குரலிலேயே பிடித்துவிட்டது.
மணிக்கட்டு வலி போனது.
எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

உசிலம்பட்டி மண்டபத்தில் மறுபடி ஒச்சம்மாள்.
ஊரைச் சொல்லி முடிக்கும் முன்பே
திரை நிரப்பிவிட்டது,
எந்தக் காலத்து நோட்டிலிருந்தோ தோண்டி,
மாயாண்டி என்று.
அழித்தேன். வந்தது.
புள்ளி வைத்தேன். புள்ளியைத் தின்றுவிட்டு
மாயாண்டி வந்தது.
அவர் கண்ணில் படாமல் லேப்டாப்பைக் கொஞ்சம் திருப்பினேன்.
பிறகு அந்தக் கட்டத்திலும் அவர் பெயரையே அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

ஒச்சம்மாள் ஒச்சம்மாள் எழுமலை

"என்னாத்தா, ரெண்டு தடவ இருக்கு?"
ரெண்டு தாள் வச்சீங்கள்ல.
சிரித்தபடி பந்திக்குப் போனார்.

ராத்திரி ரபீக்கைக் கூப்பிட்டேன்.
புள்ளியெல்லாம் எங்கே?
"அந்தப் பிழையா? நூத்துச் சொச்சம் கெடந்துச்சு.
நான்தாம்மா தொடச்சு விட்டேன்."
கொஞ்ச நேரம் ஜெனரேட்டரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எடுங்க, என்றேன்.
"எடுக்கலாம். யார் கேட்டாங்க?"

எறும்பு, என்றேன்.