லீவு பாரம்

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தேன்.
டைப்படித்தேன்.
இதைச் சொன்னதும் யுகேந்திரனுக்கு முகம் விழுந்துவிட்டது.
"இன்னா சார், ஒருத்தரக் கூடவா சுடல?"
கார்பன் தாளைக் கிழித்ததுண்டு, என்றேன்.

இப்போது இந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் கேட்டில் நிற்கிறேன்.
ஆற்காடு சாலை ஹாரன்களுக்கும்
வங்காளத்திலிருந்து வந்திறங்கும் ஸ்ட்ரெச்சர்களுக்கும் நடுவே
ஒரு விசில்.
வார்டில் ஒரு பையனுக்குச் சிப்பாய் ஆகணுமாம்,
நீங்கதானே எக்ஸ்-சர்வீஸ்
என்று கூட்டிப்போனார்கள்.

லாங்கு பஜார் டெய்லர்
திங்களன்று எடுத்த அளவு
வெள்ளிக்கிழமைக்குப் பொருந்தவில்லை.
கழுத்தில் பொத்தான் பூட்ட முடியாது,
இடுப்பில் நான்கு ஊக்கு.
மருந்து ஒரு பக்கம் ஊதுகிறது,
ஒரு பக்கம் உருவுகிறது.
கிராப் மட்டும் சட்டப்படி இருந்தது.
"முன்னமே வெட்டிட்டாங்க சார்,"
மொழுமொழுவென்ற தலையைத் தடவிக் காட்டினான்.

என்.சி.சி. பிள்ளைகள் சல்யூட் வைத்தார்கள்.
வராந்தா நெடுக
குளுக்கோஸ் கம்பத்தின் சக்கரம் கிறீச்சிட
இடது வலது இடது.
பிளாஸ்டிக் துப்பாக்கியைப் பத்து நிமிஷம் பிடித்தான்.
பிறகு அதைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு
தான் உட்கார்ந்துகொண்டான்.

கேக் முடிந்து, போட்டோ முடிந்து,
எல்லோரும் லிஃப்டில் இறங்கிய பிறகு கேட்டான்:
"சார், எனக்கு லீவு எப்போ?"
எனக்குப் புரியவில்லை.
"எங்க சித்தப்பா லடாக்குல கீறாரு.
வருஷத்துக்கு அறுபது நாளு.
பாரம் எழுதிக் குடுத்தா போதும்னாரு."

பாரம் எனக்குத் தெரியும்.
அப்பா சாவு, தங்கச்சி கல்யாணம், தளம் போடுவது,
பனியில் விரல் விறைக்க விறைக்க
எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினேன் என்று
என்னிடம் கணக்கே உண்டு.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் திருப்பிக் கோடு போட்டேன்.
படை எண்: கட்டில் எண் பதினொன்று.
போகும் ஊர்: ஒடுகத்தூர் பக்கம்.
ரயில் வாரண்ட் கேட்டான்.
காட்பாடியிலிருந்து அங்கே ரயில் ஏது,
டவுன் பஸ் என்று எழுதினேன்.
காரணம்?
கண்ணை மூடி யோசித்தான்.
"போர் போடணும்."
அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
நான் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும் தேதி
என்ற கட்டத்தில் பேனா நின்றது.
அதைக் கமாண்டிங் ஆபீசர்தான் போடணும் என்றேன்.
தப்பித்தேன்.

டாக்டர் சூசன்னா முழுதும் படித்தார்.
அறுபதை அடித்தார்.
அணுக்களின் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு
இரண்டு என்று எழுதினார்.
காய்ச்சல் அடித்தால் நடுராத்திரியானாலும் வரணும்,
அது உத்தரவு, என்றார்.
கையெழுத்து. முத்திரை.

திங்கட்கிழமை ஆறரை மணி.
வெயில் இன்னும் கோட்டைச் சுவருக்கு வரவில்லை.
ஆட்டோவிலிருந்து முதலில் பூட்ஸ் இறங்கியது,
அதன்மேல் வெள்ளையாய்க் கல்பொடி.
டாக்டர் திட்டப்போகிறார்.
"தண்ணி வந்துச்சா?"
முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கினான்.
"அறுநூறு அடி சார். வெறும் புகை."
மூச்சு வாங்கிக்கொண்டு,
"அட்த்த லீவுல வடக்கு மூலையில போட்டுப் பாக்கணும்."

பார்வையாளர் பக்கங்களைத் தாண்டி
எங்கள் ஷிப்ட் பக்கத்தைத் திறந்தேன்.
என் பெயருக்குக் கீழே அவன் பெயர்.
நேரம் ஆறு முப்பத்தைந்து.
கையெழுத்துப் போட நேரம் எடுத்தான்,
ஊசி குத்திய கை.
பின்னால் யாரோ பெரியவரின் கார் ஹாரன் அடித்தது.
நான் விசிலை எடுக்கவில்லை.