ஐம்பது ஹெர்ட்ஸ்

முஹர்ரக்கில், மீன் சந்தைக்குப் பின்புறம்
பதினெட்டு டிகிரியில் ஓர் அறை.
வெளியே நாற்பத்து நான்கு.
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
ஒட்டிக்கொண்ட ஒலிநாடாக்களை அடுப்பில் வைக்கிறேன்,
எட்டு மணி நேரம், இளஞ்சூட்டில்.
குறைந்தால் ஈரம் போகாது.
கூடினால் பாட்டு சுருங்கிவிடும்.

மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம் சுருள்.
இன்று நானூற்றுப் பதினேழு.
பெட்டியின் மேல் யாரோ பென்சிலால் எழுதியதை
லத்தீஃபா வாசித்துச் சொன்னாள்:
‘முத்துக்குளிப்போர் பாட்டு. முதியவர். பெயர் தெரியாது.’
எனக்கு வரும் அரபி மூன்று சொல்:
நாளைக்கு, சம்பளம், இல்லை.

ஓடவிட்டேன்.
கிணற்றடியிலிருந்து ஏறி வருகிற கனத்த குரல்.
கைதட்டல், நனைந்த போர்வையைக் கல்லில் அடிப்பதுபோல.
லத்தீஃபா கண்ணை மூடிக்கொண்டாள்.
“எத்தனை வயதான துக்கம்” என்றாள்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அலைகளுக்கெல்லாம் அடியில் ஒரு மெல்லிய கோடு.
இருமலுக்கு அசையவில்லை, பாட்டுக்கும் அசையவில்லை.
அந்த வீட்டு மின்சாரம்
அன்றைக்கு முணுமுணுத்தது.
இந்த ஊரில் அது ஐம்பதில் நிற்க வேண்டும்.
நாற்பத்து மூன்றில் நின்றது.

பதிவு செய்த கருவி அவசரமாக ஓடியிருக்கிறது,
அவ்வளவுதான் சங்கதி.
கோட்டைப் பிடித்து
நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு,
ஐம்பதில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

போர்வை, பொரிகிற கடுகாயிற்று.
பாடியவனுக்கு இருபது வயதுகூட இருக்காது.
மூச்சு முட்டி ஓர் அடியை விட்டுவிடுகிறான்,
பக்கத்தில் எவனோ சிரிக்கிறான்,
இவனும் சிரிப்பை அடக்கிக்கொண்டே
அடுத்த வரிக்குத் தாவுகிறான்.
லத்தீஃபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
நாங்கள் உருகியதெல்லாம்
ஒரு மோட்டாருக்காக.

மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தில்
‘இரைச்சல் நீக்கித் தரவும்’ என்றிருக்கிறது.
கேட்பதற்கான பிரதியில் நீக்கினேன்.
மூலத்தில் நீக்கவில்லை.
பையனின் வயதுக்கு
அந்த முணுமுணுப்பைத் தவிர
சாட்சி யார் இருக்கிறார்கள்?

அட்டவணையில் ‘முதியவர்’ என்பதை அழித்தேன்.
பெட்டியில் அழிக்கவில்லை, படம் எடுத்துச் சேர்த்தேன்;
பிழைக்கும் இங்கே ஓர் எண் உண்டு.
மூன்று வட்டுகளில் மூன்று பிரதிகள்,
ஒன்று இங்கே, ஒன்று மஸ்கட்டில்,
மூன்றாவது எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை.

பெயர்க் கட்டம் காலி.
லத்தீஃபா தன் பெரியப்பாவுக்கு போன் போட்டு
குரலைக் கேட்கவைக்கிறாள்.
அவர் பேசுகிறார், நிறுத்துகிறார், பேசுகிறார்.
எனக்குப் புரிந்த ஒரே சொல்
‘இல்லை’.
பிறகு, ‘நாளைக்கு’.

அடுப்பு மணி அடித்தது.
நானூற்றுப் பதினெட்டு.