சாயரட்சை முடிவதற்குள்

வீட்டுக்காரர் கோமதிநாயகம் சார்
கோயிலுக்குப் போனால் முக்கால் மணி நேரம்.
மனைவியும் கூடப் போகிற நாள் செவ்வாய்.
ஆகவே என் வீட்டில்
மீன், செவ்வாய்க்கிழமை.

உவரி பஸ்ஸில் தம்பி ஏற்றிவிட்ட விளமீன்,
முள்ளெடுத்து, தோலோடு,
ஐஸ் போட்டு, மூன்று கவருக்குள்,
அதற்கு மேல் ஜவுளிக்கடைப் பை.
வாகையடி முனையில் வைத்து
"சேலை எடுத்தியா?" என்றாள் எதிர்வீட்டு ஆவுடையம்மா.
ஆமாம் என்றேன்.
வெள்ளைதான் என்றும் சொன்னேன்.

மசாலா கிடையாது.
மசாலா சுவரேறும், திரைச்சீலையில் குடியிருக்கும்,
மறுநாள் காலை மாடிப்படி ஏறிப்போய்ப்
புகார் சொல்லும்.
உப்பு, பொடித்த மிளகு, அவ்வளவுதான்.
ஈரம் மட்டும் பொட்டு இருக்கக் கூடாது.
பழைய துண்டால் ஒற்றுகிறேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தை ஒற்றுவதுபோல.

கல் புகையப் போகிறது என்கிற நேரத்தில் நல்லெண்ணெய்.
தோல்பக்கம் கீழே.
முதலில் சுருண்டுகொள்ளப் பார்க்கும்;
கரண்டி முதுகால் பத்து எண்ணும்வரை அமுக்கினால்
சரி, போ, என்று படுத்துக்கொள்ளும்.
அப்புறம் தொடக் கூடாது.
புரட்டலாமா புரட்டலாமா என்று கை ஊறும்.
பிடுங்கினால் தோல் கல்லுக்கு, சதை எனக்கு.
பொறுத்தால் கல்லே விட்டுவிடும்.
கண்ணாடியாய் இருந்த சதையில்
ஓரத்திலிருந்து ஏறுகிறது வெள்ளை,
அடித்த சுண்ணாம்பு
காயக் காயச் சுவரில் தெரிய வருமே,
அப்படி.

அப்போது போனது கரண்ட்.
புகையை இழுத்துக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் ஃபேன்
சும்மா நாலு சுற்றுச் சுற்றி நின்றது.

நான் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவள்.
மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல்,
என்று பத்திரிகைக்குப் போகும் பட்டியலை
அடிப்பதே நான்தான்.
இந்தச் செவ்வாய், இந்த ரதவீதி,
அதில் இல்லை.

இருட்டில் செருப்புச் சத்தம்.
சீக்கிரம் வந்துவிட்டார்.
"ரெக்ஸிலா, கரண்டு எப்பம்மா வரும்?"
எல்லாருக்கும் சொல்கிற பதிலைச் சொன்னேன்:
ஃபீடர் போயிருக்கு சார், ஆளும் போயிருக்கு.
பாதிக் கதவு திறந்திருந்தது,
மீதியில் நான் நின்றேன்.
திருநீற்று வாசனை இந்தப் பக்கம் வந்தது.
இங்கிருந்து அங்கே போனதை
நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் செல்போன் வெளிச்சத்தை
என் முகத்துக்கு உயர்த்தவில்லை,
தரையிலேயே வைத்திருந்தார்.
"அடுப்புல என்னமோ பிடிக்குதுல்லா,
போய்ப் பாரும்மா."
மாடி ஏறிவிட்டார்.

ஓடினேன். புரட்டினேன்.
ஒரு மூச்சு பிந்தியிருந்தால் கரி.
மறுபக்கம் ஒரு நிமிஷம் போதும்.
எலுமிச்சை பிழிந்ததும் கல் சீறியது,
நான் அதை உஷ் என்றேன்.

குழம்பு வைக்கவில்லை.
கோயிலுக்குக் கிளம்புமுன் அவர் மனைவி
தூக்குவாளியில் கொடுத்துவிட்டுப் போன சொதி இருந்தது.
அண்ணன் மகளின் மருவீட்டு விருந்தில் மிஞ்சியது;
தேங்காய்ப்பால், இஞ்சி,
அடியில் ஒரே ஒரு முருங்கைக்காய்.
சோற்றில் அதை ஊற்றி
மேலே மீனை வைத்தேன், தோல் நனையாமல்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டும் ஒரே வெள்ளை.
எது எங்கே முடிகிறது என்று
விரலுக்குத்தான் தெரிந்தது.

கரண்ட் எட்டேகாலுக்கு வந்தது.
மேல்வீட்டு டிவி யாரையோ திட்ட ஆரம்பித்தது.
தூக்குவாளியைப் புளி போட்டுத் தேய்த்தேன்,
மோந்து பார்த்தேன்,
மறுபடி தேய்த்தேன்.
வாங்கின பாத்திரத்தை
வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதாம்.
சீனி போடலாம்.
சீனிதான் போடுவேன்.