இருவேளைத் தீனி

முதல் நாளே கையெழுத்தாகிவிட்டது
நிலவறை ஆய்வகத்து வரிக்குதிரை மீன்களுக்கு:
வேலைநிறுத்தம் வந்தாலும்
நாளுக்கு இருவேளைத் தீனி.
இரு தரப்பும் தலையாட்டப் பத்தே நிமிடம்.

எங்கள் வயிற்றுக்கு இது பதினோராவது வாரம்.
வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
எதிரே இருப்பவர் நல்லவர்தான்;
இருமினேன், மாத்திரை நீட்டினார்.
முக்கால் சதவீதத்துக்கு மேல் பேச
அவருக்கு வாயில்லை.
வாய் மாகாண நிதியமைச்சில் இருக்கிறது.
அது போனை எடுப்பதில்லை.

பதாகையை மெர்லிண்டாவிடம் கொடுத்துவிட்டு
கையுறையைப் பல்லால் கழற்றுகிறேன்.
ஒப்பந்தப்படி இன்று என் முறை.
மறியல் கோட்டை நான் தாண்டிப்போக
என் ஆட்களே வழிவிடுகிறார்கள்.

கட்டாத வாடகையை மனசுக்குள் கூட்டியபடி
சிட்டிகை சிட்டிகையாகத் தூவுகிறேன்.
மேலே வருகின்றன
கோடு கோடாய்,
வாய் வாயாய்.