கேவல்சந்த் எடுத்துக்கொள்ளாதது

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் பக்கம்
வீடு காலி செய்தவர்கள் தள்ளிவிட்ட பெட்டி.
எடைக்கு எடுத்தேன், பித்தளை விலைக்கும் கீழே.
டீ பாட் ஒன்று, சர்க்கரை இடுக்கி,
மூடி போன வெண்ணெய்க் கிண்ணம்,
சூப் கரண்டி ஆறு.
எல்லாம் கரி.

சவுகார்பேட்டையில் கேவல்சந்த்
டீ பாட்டைக் கவிழ்த்து அடியில் அரம் வைத்தார்.
சின்னக் கீறல், அதில் ஒரு சொட்டு ஆசிட்.
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
சிவந்தால் வெள்ளி.
பச்சையாக நுரைத்தது.
"முலாம்தாம்மா" என்று துடைத்துக் கொடுத்தார்,
தராசை என் பக்கம் திருப்பக்கூட இல்லை.

கீறலுக்குப் பக்கத்தில் நாலு எழுத்து:
ஈ, பி, என், எஸ்.
கடைசி எழுத்துக்கு வெள்ளி என்றுதான் அர்த்தமாம்.
அந்த வெள்ளியில் வெள்ளியே கிடையாதாம்,
செம்பு, நிக்கல், துத்தநாகம்.
எங்கள் தெருவிலும் தனபால் என்று ஒருவர் உண்டு,
எனக்கு எழுநூறு ரூபாய் பாக்கி.

நிஜ வெள்ளி வெளியேதான் இருக்கிறது,
வெங்காயச் சருகைவிட மெல்லிசாக.
தேய்க்கிற ஒவ்வொரு தடவையும்
அழுக்கோடு அதுவும் கொஞ்சம் போகும்.

தண்டையார்பேட்டையில் கறுக்காத பொருள் ஏது.
மணலிப் பக்கமிருந்து காற்று அடித்தால்
ஜன்னல் சாத்துவதற்குள் மூக்குக்குத் தெரியும்,
மூக்குக்கு முன்னால் வெள்ளிக்குத் தெரிந்திருக்கும்.
மற்ற ஊரில் ஒரு வருஷம் பிடிக்கிற கருமை
இங்கே ஓர் ஆடி மாசத்தில் வந்துவிடும்.

சாம்பல் கூடாது. பல்பொடி கூடவே கூடாது.
ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால்
அவிழ்த்த பிறகும் அந்தக் கோடு அவிழாது.
பேசினில் அலுமினியத் தாள் விரித்து,
கொதிநீர் ஊற்றி, ஒரு கை சோடா உப்பு.
கரண்டி தாளைத் தொட்டபடி கிடக்க வேண்டும்.
அழுகின முட்டை நாற்றம் கிளம்பியது.
மேல்வீட்டு ஷம்ஷாத் கேஸ் லீக் என்று ஓடி வந்தாள்.
ஒன்றுமில்லை, கந்தகம்
வெள்ளியை விட்டுத் தாளுக்குக் கட்சி மாறுகிறது.

டீ பாட்டை முக்கவில்லை.
பிடியை ஒட்டின ஒட்டு சூட்டில் விட்டுவிடும்.
பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தேன்.
வயிற்றில் ஒரே ஓர் இடத்தில் பூச்சு போய்
அடி உலோகம் மஞ்சளாக விழித்தது.
வெளிச்சத்துக்குச் சாய்த்தால்
ஒரு வட்டம், உள்ளே ரயில் கம்பெனி எழுத்து, பாதி.
மற்றபடி பூச்சு பத்திரம்.
அந்த இடத்தை மட்டும் யாரோ
வருஷக்கணக்கில் அக்கறையாகத் தேய்த்திருக்கிறார்கள்.

நானும் பழைய சாமான் வாங்குகிறவள்.
எங்கிருந்து வந்தது என்று கேட்கிற வழக்கமில்லை.

கரண்டிகளைத் துண்டில் வரிசையாகப் பரப்பினேன்.
ஐந்துக்கு நுனியின் இடது ஓரம் தேய்ந்திருந்தது,
வலது கை அள்ளி அள்ளிப் பீங்கானில் உரசின ஓரம்.
ஒன்றுக்கு மட்டும் வலது ஓரம்.

திருப்பிப் பார்த்தேன். இன்னொரு தடவை எண்ணினேன்.

அந்த மேசையில் ஒருவர் பீச்சாங்கை.
அத்தனை வருஷமும் ஒருத்தரும் தடுக்கவில்லை,
ஒரு பக்கம் வழுக்கையாகும்வரை.
எங்கள் வீடாக இருந்தால்
சோத்துக்கை எது என்று
அகப்பைக் காம்பு சொல்லியிருக்கும், விரல் கணுவில்.
சொல்லித்தான் இருக்கிறது.

சினிமாவுக்கு சாமான் பிடிக்கிற எட்வின்ராஜ் வந்தான்.
பார்ட்டி சீன், பளபளவென்று வேண்டும்,
புளியந்தோப்பில் கொடுத்துப் புதுசாக முலாம் ஏற்றிக்கொள்கிறேன் என்றான்.
கரண்டி ஐந்துதானே இருக்கு என்றான்.
ஒன்று தொலைந்துவிட்டது என்றேன்.
அதற்கு நூறு ரூபாய் குறைத்துக்கொண்டான்.

பூட்டி வைத்தால்தான் கறுக்குமாம்,
தினம் புழங்கினால் கறுக்காதாம்.
ராத்திரி ரசஞ்சாதத்துக்கு எடுக்கிறேன்,
கதவைச் சாத்திவிட்டு.
உப்பும் புளியும் ஆகாதுதான்.
சாப்பிட்ட கையோடு கழுவி
ஈரம் போகத் துடைத்துவிடுகிறேன்.