செப்டம்பர் மாவு

வடக்கே போகும் ரயில் பாஸ்டனுக்கு,
தெற்கே போகும் ரயில் நியூயார்க்குக்கு.
நடுவில் நியூ லண்டன்.
தண்டவாளத்துக்கு இருபதடி தள்ளி எங்கள் பேக்கரி.
ரேடியோ ஒன்றுதான்.
ஒற்றைப்படைத் தேதியில் என் பாஸ்டன்,
இரட்டைப்படையில் காசிமிரின் நியூயார்க்.
முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து வந்தால்
முதலாளி ஃபுர்ட்டாடோவிடம் போய் முறையிடுவான்.

ஏப்ரலில் டாஸ்கரை எடுத்தோம்.
இடது கை, வயது முப்பத்துமூன்று,
ஏழு வருடம், இருநூற்றுப் பத்து மில்லியன்.
காசிமிர் மாவுச் சாக்கின் மேல் பென்சிலால் கணக்குப் போட்டான்:
"ஒரு பந்துக்குப் பத்தாயிரம் டாலர், ஒடீலியா.
உனக்கு மூன்று மாதச் சம்பளம்.
அதை அவன் வைடாகவும் வீசுவான்."
வீசட்டுமே, என்றேன்.
"முழங்கையில் கத்தி பட்டவன். முடிகிறபோது நாற்பது.
நாற்பதில் உன் தோள் எப்படி இருந்தது?"

என் தோள் நாற்பதில்
ஐம்பது பவுண்டுச் சாக்கோடு கீழே வந்தது.
ஆறு வாரம் வீட்டில், சம்பளமில்லாமல்.
அதை நான் சொல்லவில்லை.
அவனுக்குத் தெரியும். அந்த ஆறு வாரமும்
என் தட்டுகளையும் அவன்தான் அடுக்கினான்.

செப்டம்பர் ஒன்று. ஒன்பது ஆட்டம் முன்னிலை.
நான் விசிலடித்துக்கொண்டே வெண்ணெய் தடவினேன்.
பத்தாம் தேதி ஆறு.
பதினேழில் மூன்று. விசில் நின்றது.
இருபத்துநான்கில் சமம்.
வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் என்பார்களே,
எங்கள் தாழி உடையவில்லை,
தினம் ஒரு சொட்டாக ஒழுகியது.
அதுதான் கொடுமை.

இருபத்தெட்டாம் தேதி அவன் முறை.
ஆனால் அவனே திருகி என் நிலையத்தை வைத்தான்.
நியூயார்க் மாலையிலேயே ஜெயித்துவிட்டது,
இனி நான் தோற்பதைக் கேட்க வேண்டும் அவனுக்கு.
ஆட்டம் சியாட்டிலில். அங்கே சாயங்காலம்,
எங்களுக்கு நள்ளிரவு தாண்டி,
பெரிய தொட்டியில் இனிப்பு ரொட்டி மாவு
துணிக்கடியில் பொங்கிக்கொண்டிருந்தது.

ஆறாவது இன்னிங்ஸ். இரண்டு ரன் முன்னால்.
எண்பத்தெட்டாவது பந்தோடு டாஸ்கரை வெளியே கூப்பிட்டார்கள்.
நான் கரண்டியை எறிந்தேன்.
நன்றாக வீசுகிறவனை எதற்கு எடுப்பது?
"மூன்றாம் முறை பார்க்கிறவனுக்கு
அவன் கை எங்கே கிளம்புகிறது என்று தெரிந்துவிடும்," என்றான்.
தெரிந்தால் என்ன, அடிக்க முடியுமா?
"முடியும். பார்."
ஓர் உருண்டையைக் கிள்ளியெடுத்து
இரண்டு விரலைச் சேர்த்து ஓரமாகப் பதித்து
மணிக்கட்டைச் சாய்த்துக் காட்டினான்:
"இது ஸ்லைடர். முதல் தடவை மாயம்.
மூன்றாம் தடவை வெறும் பந்து."

பிறகு வந்த பையன் நால்வரை நடக்க விட்டான்.
ஐந்தாவது ஆள் சுவருக்கு வெளியே அடித்தான்.
அறிவிப்பாளர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.
நாங்கள் கத்தினோம். அவன் ஒப்பந்தத்தைச் சொன்னான்,
நான் மேலாளரின் பரம்பரையைச் சொன்னேன்,
தொட்டியை யாரும் பார்க்கவில்லை.

துணியை எடுத்தபோது
மாவு விளிம்பைத் தொட்டுவிட்டு
நடுவில் பொத்தென்று அமுங்கிக் கிடந்தது,
நுரையும் சாராய வாடையுமாக.

காசிமிர் மூன்று வாரமாகச் சேர்த்துவைத்திருந்த பேச்சு
வாய்வரை வந்ததைப் பார்த்தேன்.
தொட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"தட்டையாகச் சுட்டுவிடலாம்," என்றான்.

ஆறு மணிக்கு
நீர்மூழ்கிக் கப்பல் தளத்துக்குப் போகிற ஒருவன்
கண்ணாடிக்குப் பின்னால் விரல் நீட்டிக் கேட்டான்,
இது என்ன, இப்படிப் படுத்துக் கிடக்கிறது?
"பாஸ்டன் ரொட்டி," என்றான் காசிமிர். "பாதி விலை."
அவன் ஆறு வாங்கினான்.

நான் பின்கட்டில் நின்றபடியே
அந்த ஸ்லைடர் உருண்டையைத் தின்றேன்.
இரண்டு விரல் பள்ளம் அப்படியே வெந்திருந்தது.
கொஞ்சம் புளிப்பு.
நாளை ஒற்றைப்படைத் தேதி.