வெறும் எடை

ஹெர்ஸ்ட் ஊருக்கு வடக்கே
தார் றோட்டு முடிந்து சரளை தொடங்குமிடத்தில்
இருக்கிறது என் எடைமேடை.
மரமேற்றிய லொறி வந்து நிற்கும்:
அறுபத்து மூன்று தொன்.
ஆலையில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து நிற்கும்:
இருபத்திரண்டு.
கழித்தால் காடு.
பதினேழு வருசமாய்
இந்த ஒரு கணக்குத்தான் எனக்குப் பிழைப்பு.

போன ஒகஸ்டில் ஒரே புகை.
எங்கேயோ மேற்கில் எரிந்தது
என் தேத்தண்ணீரில் ருசித்தது.
குருவிகளின் காலில் வளையம் பூட்டுகிற ஒடெட்
அன்றைக்குத்தான் கதவைத் தட்டினாள்.
தராசின் பற்றரி செத்துவிட்டதாம்,
என்னிடம் தராசு உண்டாமே என்றாள்.
எண்பது தொன் வரை தாங்கும் என்றேன்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு.
பிறகு லாச்சியைக் கிளறி
கடிதம் நிறுக்கும் குட்டித் தராசைக் கொடுத்தேன்.

துணிப்பைக்குள் ஒரு துடிப்பு,
கறுப்புத் தொப்பி போட்டது.
பன்னிரண்டு கிராம்.
ஒன்றரைப் பவுண்!
என் மனைவியின் தாலிக்கொடி
மூன்று குருவி கனக்கும்.

இது வெறும் எடை, என்றாள் ஒடெட்
(எங்கள் பாசை அவளுக்கும் தெரிந்திருக்கிறது).
இனித் தின்னும். புழு, பூச்சி, சிலந்தி,
இருபது கிராம் ஆகுமட்டும் தின்னும்.
பிறகொரு இரவு கடலுக்கு மேலே கிளம்பினால்
மூன்று நாள்.
இறங்க ஒரு கிளை கிடையாது.
ஏற்றிய சுமையையே எரித்து எரித்துப் பறந்து
தென்னமெரிக்கக் கரையில் விழும்போது
மறுபடி பன்னிரண்டு.

கழித்துப் பார்த்தேன், பழக்கதோசம்.
ஒரு பவுண் கொழுப்பு,
ஒரு சமுத்திரம்.

எங்கே ஏற்றும் அதையெல்லாம்?
யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

என் புயத்தின் மொத்தம்கூட இல்லாத மரம் அங்கே
தொண்ணூற்று நாலு வளையம் வைத்திருக்கும்,
எண்ணியிருக்கிறேன்.
அதன் கீழே பாசி, பாசிக்குக் கீழே பாசி,
ஆயிரமாயிரம் வருசத்து இலைதழையை
அழுகவும் விடாமல் குளிரில் அமுக்கிப் பிடித்திருக்கும் சேறு.
காயவிட்டால் அவ்வளவும் புகை, என்பான் வெஸ்லி.
க்ரீ ஆள், அதிகம் பேசமாட்டான்.
அதை எந்த மேடையில் ஏற்றி நிறுப்பது?

ஒக்டோபரில் புது வரைபடம் வந்தது.
ஆற்றுக்கு மேற்கே ஒரு நீலக்கோடு,
அதற்கப்பால் வாள் போகாது.
வெஸ்லியின் சனம் ஆறு வருசம் இருந்து பேசி
இழுத்த கோடு.
எனக்குக் கிழமையில் ஐந்து நாள் வேலை
மூன்றாயிற்று.
ஒளிப்பானேன், கோபம் வந்தது.
மோட்கேஜ் கடிதத்துக்குக் குருவி பதில் எழுதுமா?
பத்து நாள் வெஸ்லிக்குக் கைகூடக் காட்டவில்லை.
பனி கொட்டிய ஒரு காலை
என் காரைத் தள்ளிவிட அவன்தான் வந்தான்.
அதைப்பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று மே மாதம், செவ்வாய்.
லொறி ஒன்றும் இல்லை.
எடைமேடையின் நட்டநடுவில்
கறுப்புத் தொப்பி ஒன்று வந்து குந்தியது.
திரும்பிப் பார்த்தேன், திரையில் பூச்சியம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும்
இந்த இரும்புக்கு உறைக்காது.

காலில் வளையம் இருந்ததோ, கவனிக்கவில்லை.
ஒரு தத்தல், ஒரு கீச்சு,
கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, சுமை ஏற்ற.

பதிவேட்டைத் திறந்தேன்.
வண்டி இலக்கம், மொத்த எடை, நிகர எடை,
எல்லாக் கட்டத்தையும் வெறுமையாய் விட்டு
வந்த நேரம் மட்டும் எழுதினேன்.
ஆறு நாற்பது.